அடைப்பண்ணன் பீட்ரூட் கேட்ட கதை

டாக்டரிடம் போவதில்லை என்று அடைப்பண்ணன் தீர்மானம் போட்டது காலையில், கழிவறையில் உட்கார்ந்தபடி. பெரிய தீர்மானம்தான். மேடையும் மைக்கும் இருந்திருந்தால் கைதட்டல் பறந்திருக்கும். அங்கே தட்டுவதற்கு ஆள் இல்லை. குழாய் மட்டும் பக்கெட்டில் சடசடவென்று தட்டிக்கொண்டிருந்தது. அதையும் அவரேதான் திறந்துவிட்டிருந்தார், உள்ளே நடக்கிற முக்கலும் முனகலும் வெளியே மனைவி காதில் விழக்கூடாது என்று.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு உண்டு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். குழாய் வேலை செய்கிறவர். தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா, குளியலறை குளமாகிவிட்டதா, கழிவறை விழுங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதா, கூப்பிடு அவரை. அடைப்பு எடுத்து எடுத்தே அடைப்பண்ணன் ஆகிவிட்டார். அதனால் அவர் மனைவி ஊருக்கெல்லாம் அண்ணி. போன் வந்தால் எடுப்பது அண்ணி. "எப்பேர்ந்து நிக்குது? மெதுவா இறங்குதா, அடியோட நிக்குதா? தண்ணி என்ன நிறத்துல வருது?" என்று நோண்டி நோண்டிக் கேட்டு, வீடு எது என்று தெரிந்துகொண்டு, புருஷனைப் பையோடு கிளப்பிவிடுவார். எங்கே, யார் வீடு என்று அவர் கேட்பதில்லை. போ என்றால் போவார். கல்யாணமானதிலிருந்தே அப்படித்தான்.

இத்தனைக்கும் அந்தத் தெருவிலேயே ஒழுங்கான வயிறு அடைப்பண்ணனுடையது. அவர் வீட்டுக் கழிவறையில் விளக்கு எரிவதைப் பார்த்துத்தான் எதிர்வீட்டுக்காரர் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவார். விளக்கு எரியும், அணையும், வேலை முடிந்தது. அப்படி இருந்த வயிறு மழைக்காலம் முடிந்ததிலிருந்து கோளாறு பண்ண ஆரம்பித்தது. ஒரு நாள் வரவே வராது. மறுநாள் சைக்கிளில் போகிறவரை நடுவழியில் துரத்தும். முடித்துவிட்டு எழுந்தால் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரி இருக்கும். திரும்ப உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரமாகப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதம்.

அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஒரு காலையில் சிவப்பாகக் கொஞ்சம் தெரிந்தது. கொஞ்சம்தான். ஊரார் வீட்டு அசிங்கத்தையெல்லாம் முகம் சுளிக்காமல் அள்ளுகிற மனுஷன், தன்னுடையதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரை ஊற்றிவிட்டார்.

காரணம் இருக்கிறது. அவருடைய பெரியண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பெரியண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிரோடு திரும்பவில்லை. அடைப்பண்ணனின் கணக்கு அதனால் ரொம்பச் சுலபம். போனார், செத்தார். போகாமல் இருந்தால்? அந்தக் கணக்கில் எங்கேயோ ஒன்று விட்டுப்போயிருந்தது. அதை அவர் தேடிப் பார்க்கவில்லை. தேடப் பயமாக இருந்தது.

ஆக, தீர்மானம் போட்டாயிற்று. அடுத்து அதைக் காப்பாற்ற ஒரு திட்டம் வேண்டும். அன்று மத்தியானம் அடுக்களையில் போய் நின்றார்.

"ஏம்மா, பீட்ரூட்டு இருக்கா?"

அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

"கல்யாணத்துக்கு அடுத்த வாரம் பீட்ரூட்டு வச்சேன்னு தட்டைத் தள்ளிட்டு எழுந்து போன ஆளு நீங்க."

"மனுஷன் மாறக்கூடாதா?"

"இவ்வளவு நாளா எதுக்கும் மாறாத ஆளு பீட்ரூட்டுக்கு மாறுறீங்களே, அதான் கேக்குறேன்."

"ரத்தத்துக்கு நல்லதாம்."

ரத்தம் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அவருக்கே பகீர் என்றது. அண்ணி அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டார்.

திட்டம் என்னவென்றால், பீட்ரூட் தின்றால் சிவப்பாகத்தான் போகும். சிவப்பாகப் போனால் அது பீட்ரூட். பீட்ரூட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பிடிக்காத காயை மென்று மென்று விழுங்கி, காலையில் உட்கார்ந்து, "பீட்ரூட்டுதான், பீட்ரூட்டுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். வேகவைத்த பீட்ரூட், துருவிய பீட்ரூட், ரொட்டிக்கு நடுவில் பீட்ரூட். தினமும் கேட்டார். தினமும் கிடைத்தது.

பிறகு ஒரு வாரம் சந்தையில் பீட்ரூட் வரவில்லை என்றார் அண்ணி. அண்ணி முட்டைக்கோஸ் வைத்தார். அவர் முட்டைக்கோஸைத் தின்றார். காலையில் பார்த்தால், சிவப்பு.

அந்த வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை.

இதற்கு நடுவே இன்னொரு சங்கதி. வீட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் அண்ணி கதவைத் தட்டுகிறார் என்று, அடைப்பண்ணன் வேலைக்குப் போகிற வீடுகளில் உட்கார ஆரம்பித்தார். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைப்பு. குழாய்க்காரர் கழிவறைக்குள் போகாமல் வேறு யார் போவார்கள்? ஆனால் போன் எடுப்பது யார் என்பதை மறந்துவிட்டார்.

"அண்ணி, நான் மாடிவீட்டம்மா பேசுறேன். அண்ணன் எங்க வீட்டுக்குத்தான் வந்திருக்காரு."

"தெரியுமே. அடுக்களைக் குழாய் ஒழுகுதுன்னு சொன்னீங்க."

"ஆமா, அடுக்களைக் குழாய்தான். ஆனா அவரு வந்ததும் நேரா கழிவறைக்குப் போனாரு. இன்னும் வெளியே வரல. என் வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கிளம்பணும், வாசல்ல குதிச்சிக்கிட்டிருக்காரு."

"என்ன பண்றாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். அழுத்தம் சோதிக்கிறேங்கிறாரு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்குமுன் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. போன வாரம் தையல்கடைக்காரரும் இப்படித்தான் போன் பண்ணினார். அதற்கு முன்னால் ரொட்டிக்கடையிலிருந்து. எங்கே போனாலும் அழுத்தம் சோதிக்கிறார். பெல்ட்டில் ஆணியை வைத்து அடித்துப் புதுசாய் ஓட்டை போட்டிருக்கிறார். பீட்ரூட் வேறு.

சாயங்காலம் அவர் வந்து பையை இறக்கியதும் அண்ணி கேட்டார்.

"உங்களுக்கு வயிறு சரியா இருக்கா?"

"என் வயித்துக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு."

"அதான் கேக்குறேன். கல்லு மாதிரியா இருக்கு?"

"ஏம்மா, இதெல்லாம் ஒரு பேச்சா?"

"பெல்ட்டு ஏன் இவ்வளவு உள்ளே வந்துடுச்சு?"

"தோலு நீண்டுபோச்சு."

"பெல்ட்டுக்கு நீளுது, உங்களுக்குச் சுருங்குதா? நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போயிட்டு வரலாம்."

அடைப்பண்ணன் எழுந்து நின்றார். அன்றைக்குக் கழிவறையில் போட்ட தீர்மானத்துக்கு இப்போதுதான் ஒரு மேடை கிடைத்தது.

"இங்க பாரு. நான் அந்த வாசப்படி மிதிச்சா, இந்தப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வேலைக்குத்தான் மிதிப்பேன். வேற எதுக்கும் மிதிக்க மாட்டேன். இது சத்தியம்."

அண்ணி அழவில்லை, கத்தவில்லை. "சரி" என்றார். அந்தச் 'சரி'யைக் கேட்டு அடைப்பண்ணன் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அவர் ஜெயித்ததாக நினைத்த நாட்கள் நிறைய.

இரண்டு நாள் கழித்து அண்ணிக்குத் தொண்டை கரகரத்தது. ஒரு சுக்குத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் போய்விடுகிற கரகரப்புதான். ஆனாலும் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். துணைக்கு வரட்டுமா என்று அடைப்பண்ணன் கேட்கவில்லை. வாசப்படி, சத்தியம். வரும்போது அண்ணிக்குத் தொண்டை தெளிவாக இருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று அடைப்பண்ணன் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை போன் அடித்தது.

"எப்பேர்ந்து நிக்குது?" என்று அண்ணி கேட்டார். "நேத்து சாயங்காலத்திலேர்ந்தா? அடியோடயா? கை கழுவ முடியலையா? ஐயோ, டாக்டருக்கு அதுதானே முக்கியம். இருங்க, அனுப்புறேன்."

அடைப்பண்ணன் டீயைப் பாதியில் வைத்தார். "எந்த டாக்டரு?"

"டாக்டரம்மாதான். அவங்க அறையில கை கழுவுற பேசின் நிக்குதாம்."

"நான் போகல."

"வேண்டாம். நான் அந்த ஆசிட்டுக்காரரைப் போகச் சொல்றேன்."

ஆசிட்டுக்காரர் இன்னொரு குழாய்க்காரர். எந்த அடைப்பாக இருந்தாலும் திறந்து பார்க்கிற பழக்கமே கிடையாது. பாட்டிலைத் திறப்பார், ஊற்றுவார், புகை வரும், காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். குழாய் வெந்து ஓட்டை விழுந்த பிறகு அடைப்பண்ணனைக் கூப்பிடுவார்கள். ஆசிட்டுக்காரர் பேரைக் கேட்டாலே அடைப்பண்ணனுக்குப் பொறுக்காது. பை தோளில் ஏறிவிட்டது.

"நானும் வரேன்" என்றார் அண்ணி. "தொண்டை எப்படி இருக்குன்னு காட்டச் சொன்னாங்க."

டாக்டரம்மாவின் அறை சின்னது. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, திரை போட்ட கட்டில், மூலையில் பேசின். பேசினில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அடைப்பண்ணன் உள்ளே நுழைந்ததும் வியர்த்தது. மருந்து வாடை. பெரியண்ணன் படுத்திருந்த அறையிலும் இதே வாடைதான். பேசினைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. பேசின் அவருக்குத் தெரிந்த நோயாளி.

குனிந்து, பக்கெட்டை அடியில் வைத்து, வளைவுக் குழாயைத் திருகிக் கழற்றினார். விரலை விட்டு இழுத்தார். வந்தது ஒரு துணி. கட்டம் போட்ட துணி, இறுக்கிச் சுருட்டி, நடுவில் முடிச்சு.

"பாத்தீங்களா டாக்டரம்மா. இது தானா வந்து விழுந்த துணி இல்ல. மேல இருக்கிற ஜல்லடையைத் தூக்கிட்டு, வளைவுல சரியா போய் நிக்கிற மாதிரி முடிச்சுப் போட்டு உள்ளே விட்டிருக்காங்க. இது வேலை தெரிஞ்ச ஆளு பண்ணது. எனக்கு ஆசிட்டுக்காரன் மேலதான் சந்தேகம்."

"அவர் இங்க வந்ததே இல்லையே" என்றார் டாக்டரம்மா.

"வருவான். தெரியாம வருவான்." துணியைப் பிழிந்து பார்த்தார். இந்தக் கட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு நினைப்பு வந்து போனது. "சரி, நேத்து நின்னதும் உடனே கூப்பிட்டீங்க பாருங்க, அது நல்லது. சில பேரு இருக்காங்க. மாசக்கணக்கா மெதுவா போகும். திடீர்னு ஒரு நாள் பீச்சியடிக்கும், மறுநாள் நிக்கும். தண்ணி நிறம் மாறும். அப்பவும் கூப்பிட மாட்டாங்க. கூச்சமாம். தானா சரியாயிடும்பாங்க. நான் நேராவே சொல்லிடுவேன். ஒழுங்கா போயிட்டிருந்தது ஒழுங்கு மாறுச்சுன்னா உள்ளே ஏதோ இருக்கு. சின்னதா இருக்கும்போதே கூப்பிட்டா கையால எடுத்துடலாம். விட்டா தரையை உடைக்கணும்."

"ரொம்பச் சரி" என்றார் டாக்டரம்மா. புதிதாய் இறங்கிய தண்ணீரில் கை கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர் நாற்காலியைக் காட்டினார். "உங்களுக்கு எப்பேர்ந்து?"

அடைப்பண்ணன் கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு அண்ணி உட்கார்ந்திருந்தார். தொண்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. நான் வேலைக்கு வந்தவன்."

"வேலை முடிஞ்சுது. இப்ப என் வேலை. உக்காருங்க. மெதுவா போகுதா, அடியோட நிக்குதா?"

இந்தக் கேள்வியை எங்கே கேட்டிருக்கிறோம் என்று தெரிந்தபோது அவர் உட்கார்ந்துவிட்டிருந்தார். "ரெண்டும்தான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"மூணு வாரத்துக்கு மேல இருக்கா?"

"மழை விட்டதிலேர்ந்து" என்றார் அண்ணி, பின்னாலிருந்து.

"ரத்தம்?"

"அது பீட்ரூட்டு."

"பீட்ரூட்டு தின்னா சிவப்பா போறது உண்மைதான். நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். நிறுத்திப் பார்த்தீங்களா?"

அடைப்பண்ணன் துணியை இறுக்கிப் பிடித்தார். கையில் இருந்த துணியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்தது.

"ஒரு வாரம் முட்டைக்கோஸ்தான் வச்சேன்" என்றார் அண்ணி. "சந்தையில பீட்ரூட்டு இல்லாம இல்ல டாக்டரம்மா. நான்தான் வாங்கல. வாங்காம இருந்து இவரு மூஞ்சியைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு."

டாக்டரம்மா எடை பார்த்தார். குறைந்திருந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்தார். திரைக்குப் பின்னால் இன்னொரு சோதனையும் நடந்தது. அதைப் பற்றி அடைப்பண்ணன் இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை. வெளியே வந்தபோது காது இரண்டும் பீட்ரூட் நிறத்தில் இருந்தன.

"வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்ததா?"

"எங்க பெரியண்ணனுக்கு" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போனாரு. அதோட சரி."

"எப்ப போனாரு? ஆரம்பிச்சதுமா?"

கணக்கில் விட்டுப்போனது இப்போது எதிரே வந்து நின்றது. பெரியண்ணன் கழிவறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் முழுக்க அந்தக் குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரை வீணாக்குகிறாரே என்று இவர்தான் திட்டினார்.

"கீழ விழுந்த அன்னிக்குத்தான் தூக்கிட்டுப் போனோம்" என்றார்.

டாக்டரம்மா குரலைத் தணித்துக்கொண்டார். "அவரை ஆஸ்பத்திரி கொல்லல. தாமதம் கொன்னுது. உங்களுக்கு அதேதான்னு நான் சொல்ல வரல. பெரும்பாலும் மூலமா இருக்கும். குடல்ல புண்ணா இருக்கலாம். ஒண்ணுமில்லாமலும் போகலாம். ஆனா ரத்தம் இருக்கு, எடை குறையுது, அண்ணனுக்கு இருந்திருக்கு. அதனால பார்க்காம சொல்ல மாட்டேன். நீங்க எப்படி? அடைப்புன்னா திறந்து பார்க்காம சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"ரத்தப் பரிசோதனை இன்னிக்கே. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில கேமரா விட்டுப் பார்ப்பாங்க."

அடைப்பண்ணன் தன் பையைத் திரும்பிப் பார்த்தார். மற்றவர்களுக்குக் கேமரா என்றால் என்னவென்று தெரியாது, அதனால் பயம். அவருக்குத் தெரியும். அவர் பையிலேயே ஒன்று இருந்தது, நீளக் குழாயில் விட்டுப் பார்ப்பதற்கு. முனையில் விளக்கு, பின்னால் இரும்புச் சுருள். அதைத் தள்ளுவதற்கு அவர் என்ன பாடுபடுவார் என்பதும் அவருக்குத் தெரியும்.

"எவ்வளவு தடிமன்?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க சுண்டுவிரல் அளவு. நல்லா வளையும். தூங்க வச்சுட்டுத்தான் விடுவாங்க."

"இரும்பா?"

"இரும்பு இல்ல."

"வளைவுல திருப்பும்போது அவசரப்படுவாங்களா?"

"உங்களை மாதிரி அனுபவசாலிதான் விடுவாரு."

அந்த ஒரு வார்த்தையில் அடைப்பண்ணன் சமாதானமானார்.

கேமரா போய் வந்தது. அதற்கு முந்தின நாள் வயிற்றைக் காலி பண்ணக் கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு அவர் பட்ட பாட்டில், அழுத்தம் சோதிக்கிறேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே மிளகு அளவுக்கு ஒரு சதைமொட்டு இருந்தது. போன கையோடு அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரைக்கும் அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினார்கள். அண்ணி போனை எடுத்து, "எப்பேர்ந்து நிக்குது?" என்று கேட்பதற்குப் பதில், "யாரு? டாக்டரம்மாவா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாதான் ஒரு நாள் பேசினார். கெட்டது இல்லையாம். ஆனால் அப்படியே விட்டிருந்தால் நாளாக ஆகக் கெட்டதாக மாறக்கூடிய சாதியாம். ரத்தத்துக்கு மூலமும் ஒரு காரணம், அதற்குத் தனி மருந்து. குறிப்பிட்ட காலம் கழித்து மறுபடி வந்து கேமரா விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணி போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அடைப்பண்ணன் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வீணாகிறதே என்று சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஆள் மாறிவிட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் அடைப்பு எடுத்துக்கொண்டே உபதேசம். "வயிறு ஒழுங்கு மாறுச்சா? ரத்தம் தெரிஞ்சுதா? கூச்சப்படாதீங்க. நான் கூச்சப்பட்டேனா? நானே போயி டாக்டரம்மாகிட்ட உக்காந்தேன்." மாடிவீட்டம்மா இதை அண்ணியிடம் போனில் சொன்னார். அண்ணி, "ஆமாமா, அவரேதான் போனாரு" என்றார்.

விளக்கு பழையபடி காலையில் எரிந்தது, அணைந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனார்கள். ஆசிட்டுக்காரரைத்தான் அவர் விடவில்லை. போகிற இடமெல்லாம், "டாக்டரம்மா பேசின்ல துணி வச்சவன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்குள் எண்ணெய் கொட்டிவிட்டது. துடைக்கத் துணி வேண்டும். அடுக்களை அலமாரியின் கீழ்த்தட்டில் அண்ணி பழைய துணிகளைச் சேர்த்து வைத்திருப்பார். கையை விட்டார். வந்தது அவருடைய பழைய கட்டம் போட்ட சட்டை. காலர் இருந்தது, பை இருந்தது. ஒரு கை இல்லை. தோளோடு சுத்தமாகக் கத்தரித்திருந்தது.

அடைப்பண்ணன் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வளைவில் சரியாகப் போய் நிற்கிற முடிச்சு ஞாபகத்துக்கு வந்தது. வேலை தெரிந்த ஆள் என்று தானே சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது.

"ஏம்மா" என்றார். "இந்தச் சட்டைக்கு ஒரு கை எங்க?"

அண்ணி திரும்பிப் பார்த்தார். டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"அதை நீங்கதானே வெளியே எடுத்தீங்க. இன்னொரு கையைக் கிழிச்சிடாதீங்க. அடுத்த தடவை கேமராவுக்கு வேணும்."